பூவா தலையா போட்டால் உண்மை வரும்
வாசகர் கேள்வி – பதில்

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம், போதைப் பழக்கம் பற்றி நான் செய்யும் ஆய்வைக் குறித்துப் போன இதழில் நாலு வரி எழுதப்போக, கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இப்போது பதில்.

எங்கள் பள்ளியில் எட்டு முதல் பத்து வரை படிக்கும் 400 பேரிடம் படிவம் கொடுத்து, புகையிலை, கஞ்சா பழக்கம் உண்டா என்று கேட்டோம். மூன்று பேர்தான் ‘ஆம்’ என்றார்கள். தலைமையாசிரியருக்கு ஏக சந்தோஷம். எனக்கு நெருடுகிறது. கழிப்பறைப் பின்பக்கம் கிடக்கும் காலிப் பொட்டலங்களை எண்ணினாலே மூன்றைத் தாண்டும்.
– ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

டீச்சர், படிவத்தில் பெயர் கேட்டீர்களா என்று உங்களுக்குத் திருப்பி எழுதினேன். பெயர், வகுப்பு, வரிசை எண் எல்லாம் உண்டு, வகுப்பாசிரியரே வாங்கி அடுக்கினார் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அப்புறம் எந்தப் பிள்ளை ‘ஆம்’ போடும்? ‘ஆம்’ போட்ட அந்த மூன்று பேரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஒன்று விளையாட்டுக்குப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று போட்டிருப்பார்கள். தயவுசெய்து அவர்களின் பெற்றோரை வரச்சொல்லி கூட்டம் போட்டுவிடாதீர்கள்.

2019இல் இந்தியா முழுக்க 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 8.5 சதவீதம். மாநிலத்துக்கு மாநிலம் இது ஏகத்துக்கு மாறும், அதனால் அப்படியே உங்கள் பள்ளிக்குத் தூக்கி வைக்க முடியாது. ஆனால் அங்கே விடைத்தாளில் பெயர் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

பெயரை எடுத்தாலும் பயம் போகாத கேள்விகள் உண்டு. அதற்கு ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965இல் ஒரு வழி கண்டுபிடித்தார், பிறகு வந்தவர்கள் அதை இன்னும் எளிதாக்கினார்கள். நம் பூவா தலையாதான். ஒவ்வொரு பிள்ளையும் யாருக்கும் காட்டாமல் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கேள்வி என்னவாக இருந்தாலும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும், பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். இப்போது ஒரு தாளில் ‘ஆம்’ இருந்தால் அது காசு சொன்னதா பிள்ளை சொன்னதா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, யாரையும் பிடித்து முட்டி போட வைக்க முடியாது. ஆனால் மொத்தக் கணக்கு தெரியும். 400 பேரில் சுமார் 200 பேருக்குத் தலை விழுந்திருக்கும். மொத்தம் 230 ‘ஆம்’ வந்தால், மிச்சமுள்ள 200 பேரில் 30 பேர் உண்மையாகவே ‘ஆம்’ என்றிருக்கிறார்கள், அதாவது 15 சதவீதம். (இது கணக்குக்குச் சொன்ன எண், உங்கள் பள்ளியின் எண் இல்லை.) தலை சரியாக 200 விழாது, 190ம் விழலாம் 210ம் விழலாம் என்பதால் விடை கொஞ்சம் ஆடும். 40 பேர் உள்ள ஒரே வகுப்பில் போட்டால் ரொம்பவே ஆடும், அங்கே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. பந்தாவுக்காக எல்லாவற்றையும் அடித்தேன் என்று எழுதும் பயல்கள். ஐரோப்பியப் பள்ளிகளில் நடக்கும் பெரிய கணக்கெடுப்பில் இதற்காகவே ‘ரெலவின்’ என்று இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதையும் சாப்பிட்டேன் என்று ‘டிக்’ அடித்தவனின் தாளை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகன் பையில் கூல் லிப் பொட்டலம் கிடைத்தது. அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

அம்மா, பொட்டலமே கையில் இருக்கும்போது பரிசோதனை எதற்கு? அது புகையிலைதான், உதட்டுக்குள் வைத்தால் நிகோடின் அங்கிருந்தே ரத்தத்தில் ஏறும்.

அவனிடம் ஏன் செய்தாய் என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருக்காது. எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது – இந்த மூன்றையும் சாதாரணமாக, சாப்பாடு போடும்போது கேட்பதுபோலக் கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். எழுந்து அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் பழக்கம் முற்றியிருக்கிறது, மருத்துவர் உதவி வேண்டும். எப்போதாவது நண்பனோடு என்றால் வீட்டிலேயே பேசி நிறுத்த முடியும். நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் எரிந்து விழுவான், தூங்க மாட்டான், படிப்பில் மனம் போகாது. மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்த நாட்களில் அவன் காட்டும் கோபத்தைப் பார்த்து, பையன் முன்னைவிட மோசமாகிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும்தான், ஆனால் முதலில் அவரைத் தனியாக உட்காரவைத்து. என் அண்ணன் பத்தாவதில் பீடி குடித்து மாட்டி, தெருவே பார்க்க அடி வாங்கினான். பீடியை அவன் விடவில்லை, அப்பாவிடம் பேசுவதைத்தான் விட்டான். கோபத்தை விற்றவன் மேல் காட்டச் சொல்லுங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77இன்படி குழந்தைக்குப் புகையிலைப் பொருளோ மதுவோ கொடுப்பவருக்கு ஏழு வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு.

செல்போனில் மனச்சோர்வுப் பரிசோதனை செய்ததில் 16 வயது மகளுக்கு 14 மதிப்பெண் வந்தது. மனநோயா?
– தந்தை, அரியாங்குப்பம்

ஒன்பது கேள்வி, மொத்தம் 27 என்றால் அது பிஎச்க்யூ–9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் ‘கவனித்துப் பார்’ என்று அர்த்தம், நோய் என்று அர்த்தமில்லை. அது கடந்த இரண்டு வாரத்தை மட்டும்தான் கேட்கிறது. அந்த இரண்டு வாரம் பரீட்சை நடந்ததா, தோழியோடு சண்டையா என்று பாருங்கள்.

பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதினரில் மனநலச் சிக்கல் இருந்தவர்கள் 7.3 சதவீதம். ஆயிரம் பேரில் 73. ஒரு பரிசோதனை, இருப்பவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்து, இல்லாதவர்களில் 20 சதவீதத்தைத் தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள். சரியாகச் சிக்குபவர்கள் 58, மீதி 927 பேரில் சும்மா சிக்குபவர்கள் 185. ஆக, ‘இருக்கிறது’ என்று வந்த நாலு பேரில் மூன்று பேருக்கு ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் படித்து நிம்மதியாகிவிடுமுன் ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும் மொத்த மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்றைக்கே அவளோடு பேசுங்கள், ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ராத்திரியானாலும் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கஞ்சா இயற்கையான செடிதானே?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

அரளியும்தான்.

புதுச்சேரியில் 18 வயதில் குடிக்கலாம், தமிழ்நாட்டில் 21. முள்ளோடையைத் தாண்டினால் போதும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கெடுவது இதனால்தானே?
– வாசகர், ரெட்டிச்சாவடி

கிட்டத்தில், மலிவாகக் கிடைத்தால் குடி கூடும் என்பது பொதுவாக உண்மை. ‘இதனால்தான்’ என்பதுதான் இடிக்கிறது. என்னிடம் பேசிய பிள்ளைகளில் பலர் முதல் மிடறு குடித்தது எல்லையோரக் கடையில் இல்லை, வீட்டு விசேஷத்தில், மாமா மிச்சம் வைத்த டம்ளரில். எல்லைக்கோட்டை நகர்த்த நம்மால் முடியாது, டம்ளரை நகர்த்தலாம்.

எம்.எஸ்சி. உளவியல் சேர்ந்திருக்கிறேன். புள்ளியியல் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. அவசியமா?
– மாணவர், முத்தியால்பேட்டை

தம்பி, ஒரு பள்ளியில் மனஅழுத்த மதிப்பெண் மிக அதிகமாக வந்த 30 பேரைப் பொறுக்கி, மூன்று நாள் முகாம் நடத்துகிறார்கள். ஒரு மாதம் கழித்து அளந்தால் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. முகாம் வெற்றி என்று பேனர் கட்டுகிறார்கள். ஆனால் அந்த 30 பேருக்கும் மூன்று நாளும் வெறும் சுண்டல் மட்டும் கொடுத்திருந்தாலும் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியிருக்கும். ரொம்ப மோசமான நாளில் அளக்கப்பட்டவர்கள் அடுத்த முறை சராசரிப் பக்கம் வரத்தான் செய்வார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886லேயே பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து இதைக் காட்டிவிட்டார். இது தெரியாமல் ஆலோசகரானால் சுண்டலை மருந்தென்று விற்பீர்கள், அதே மதிப்பெண் உள்ள இன்னொரு 30 பேரை முகாமுக்கு அழைக்காமல் அளந்து ஒப்பிட வேண்டும் என்றே தோன்றாது.

வயிறு கலக்குவதைப் பற்றி: பிளஸ் டூவில் கணக்கில் நான் எடுத்தது 200க்கு 93.