எட்டு வீடு, ஒரு லாரித் தண்ணீர்

கேள்வி: சென்னைப் புறநகரில் 8 வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறோம். கோடையில் போர்வெல் கைவிட்டுவிடும், லாரித் தண்ணீர்தான். 12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய். மாதக் கடைசியில் மொத்தச் செலவை எட்டால் வகுத்துக் கட்டுகிறோம். எங்கள் வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். பக்கெட்டில் பிடித்து அளவாகச் செலவழிக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் தினமும் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுகிறார். மூன்றாம் மாடிக்காரர் 4 மாதமாக மெயின்டனன்ஸே கட்டவில்லை. கேட்டால் சண்டை. இப்போது யாரும் அவரோடு பேசுவதில்லை. தாமதமாகக் கட்டினால் அபராதம் என்று தீர்மானம் போடலாமா? எல்லோரும் படித்தவர்கள்தான், ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் சொன்ன விலைப்படி ஒரு லிட்டர் 15 பைசா. ஹோஸ் வைத்துக் கார் கழுவ 200 லிட்டர் போகிறது என்று வையுங்கள். செலவு 30 ரூபாய். அதைத்தான் எட்டால் வகுக்கிறீர்களே, கீழ்வீட்டுக்காரர் பையிலிருந்து போவது 3 ரூபாய் 75 காசு. மீதி 26 ரூபாய் 25 காசை மற்ற 7 வீடும் கட்டுகிறீர்கள்.

இதையே உங்கள் பக்கமிருந்து பாருங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து 200 லிட்டர் மிச்சம் பிடித்தாலும் உங்களுக்குத் திரும்பி வருவது அதே 3.75தான். சிக்கனத்தின் பலன் ஊருக்கு, சிரமம் உங்களுக்கு. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு ‘ஏன் எல்லோரும் தண்ணீரைக் கொட்டுகிறார்கள்’ என்று கேட்பதில் பொருளில்லை. நியாயமாகப் பார்த்தால், நீங்கள் இன்னமும் பக்கெட்டில் குளிப்பதுதான் ஆச்சரியம்!

ஆட்டக் கோட்பாடு, அதாவது கேம் தியரி, பேசுவது இதைத்தான். ஆளின் குணத்தை அது ஆராய்வதில்லை. அடுத்தவர் என்ன செய்வார் என்று எண்ணி நான் என் வழியைத் தேர்கிறேன், அவரும் அப்படியே. இருவருக்கும் முன்னால் என்ன விதி இருக்கிறது, எதைச் செய்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் அது பார்க்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் உணவகத்தில் பொருளியலாளர் உரி நீஸியும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. ஒரு மேசைக்கு 6 பேர். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கட்டிய மேசைகளில் ஆளுக்குச் சராசரியாக 37 ஷெக்கேல் (இஸ்ரேல் நாணயம்) ஆனது. மொத்த பில்லை ஆறாக வகுத்த மேசைகளில் 51. நாங்களே கட்டுகிறோம் என்று ஆய்வாளர்கள் சொன்ன மேசைகளில் 82. இதில் எனக்குப் பிடித்த பகுதி, பெரும்பாலோர் தனித்தனியாகக் கட்டுவதையே விரும்பினார்கள் என்பது. வகுத்துக் கட்டுவது நஷ்டம் என்று தெரியும். ஆனால் விதி அதுதான் என்று ஆனபிறகு, பக்கத்து இருக்கைக்காரர் வரவழைக்கும் தட்டுக்குக் காசு கட்டிக்கொண்டு நாம் மட்டும் இட்லியோடு நிறுத்துவானேன்?

ஆகவே முதல் வேலை, வகுக்கும் முறையை மாற்றுவது. நல்ல வழி வீட்டுக்கு வீடு மீட்டர். ஆனால் அவசரப்பட்டுத் தீர்மானம் போடாதீர்கள். ஒரு பிளம்பரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை குழாய் இறங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பல கட்டடங்களில் குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று தனித்தனியாக இறங்கும். ஒரு வீட்டுக்கே 3, 4 மீட்டர் தேவைப்படலாம். அந்தச் செலவைக் கோடை லாரிச் செலவோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். மீட்டர் வந்தால் லாரிச் செலவை மட்டும் அதன்படி பிரியுங்கள். வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட், மாடிப்படி விளக்கு எல்லாம் சமபங்கிலேயே இருக்கட்டும். அதில் யாரும் யாரைவிடவும் அதிகமாகக் குடித்துவிட முடியாது.

மீட்டர் கட்டுப்படியாகாது என்றால் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம் என யாராவது சொல்வார்கள். நீங்கள் இருவர் மட்டும் என்பதால் உங்களுக்கு லாபம், நியாயமும்கூட. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: அது மனத்தாங்கலைக் குறைக்கும், தண்ணீரைக் குறைக்காது. குழாயைத் திறந்துவிட்டாலும் தலைக்கணக்கு மாறுவதில்லையே.

காருக்கு மீட்டரே வேண்டாம். குளியலறைக்குள் யார் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்பது தெரியாது, அங்கே விலைதான் பேச வேண்டும். கார் கழுவுவது எட்டு வீட்டின் கண்முன்னே நடப்பது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எளிய விதி போதும். பொதுக்குழாயில் ஹோஸ் மாட்டக் கூடாது, காருக்கு 2 பக்கெட் என்று எழுதி, குழாய் முனையையும் ஹோஸ் மாட்ட முடியாததாக மாற்றிவிடுங்கள்.

தண்ணீரைப் பார்த்துக்கொள்ளப் பொதுவாக ஓர் ஆளை வைக்கும் வித்தை நம் ஊர் ஏரிப் பாசனத்தில் பழையது. மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விடும் வேலை நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று தனியாக ஓர் ஆளிடம் இருந்தது. அறுவடையில் அவருக்கு நெல் பங்கு. தண்ணீருக்குக் காத்திருக்கும் விவசாயி கையிலேயே மடை இருந்தால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும். உங்கள் நீர்க்கட்டி, மோட்டார் போடும் வாட்ச்மேன்தான். லாரி வந்த தேதி, நேரம், சம்ப்பில் எத்தனை அடி ஏறியது என்பதை ஒரு நோட்டில் அவர் எழுதட்டும், நோட்டு எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கட்டும். பொதுச்சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், பல நாட்டுப் பாசனங்களில் கண்ட பொது அம்சங்களில் இந்தக் கண்காணிப்பும் ஒன்று. இன்னொன்று, தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது.

அபராதத்துக்கு வருகிறோம். நான் வேண்டாம் என்பேன், குறைந்தது சின்ன அபராதம் வேண்டாம். மறுபடியும் ஹைஃபாதான், மறுபடியும் நீஸிதான், இந்த முறை ஆல்டோ ருஸ்டிசினியுடன். 2000-இல் வெளியான ஆய்வு. குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் சிலர் பிள்ளையைக் கூப்பிட நேரம் கழித்து வந்தார்கள். 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கேல் என்று 6 காப்பகங்களில் அபராதம் வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ‘டீச்சர் காத்திருக்கிறாரே’ என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது ஒரு கட்டணமாகிவிட்டது, கட்டிவிட்டுத் தாமதமாக வரலாம். பிறகு அபராதத்தை எடுத்தும் பழைய நிலை திரும்பவில்லை. போன கூச்சம் போனதுதான். மூன்றாம் மாடிக்காரருக்கு மாதம் 100 ரூபாய் அபராதம் போட்டால், அவருக்கு மலிவு வட்டியில் கடன் கொடுத்த கதையாக முடியலாம்.

அதற்குமுன் அவர் சொந்த வீட்டுக்காரரா, வாடகைக்கு இருப்பவரா என்று பாருங்கள். நீங்கள் எழுதவில்லை. 1950-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஃப்ளட், டிரெஷர் என்ற இருவர், பின்னாளில் ‘கைதிகளின் சங்கடம்’ என்று பெயர்பெற்ற ஆட்டத்தை இரண்டு நண்பர்களை வைத்து 100 முறை ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று இருவரும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். ஏமாற்றுவதுதான் லாபம் என்று கணக்கு சொன்னது. ஆனாலும் 60 முறை இருவரும் ஒத்துழைத்தார்கள். நாளைக்கும் இவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்ற நினைப்பு அவ்வளவு வேலை செய்யும். அடுத்த மாதம் காலி செய்யப்போகிறவருக்கு அந்த நினைப்பு இருக்காது. அவர் வாடகைக்காரர் என்றால் நேராக வீட்டு உரிமையாளரிடம் போங்கள். அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. இனி வரும் ஒப்பந்தங்களில், காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் பாக்கி அட்வான்ஸில் கழியும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

சொந்த வீட்டுக்காரர் என்றால் வேலை வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. அங்கே இப்போது என்ன எழுதுகிறீர்கள்? ‘யாருமே நேரத்துக்குக் கட்டுவதில்லை’ என்றுதானே? எங்கள் குடியிருப்பில் அந்த வாக்கியத்தை நானே எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் ஒழுங்காகக் கட்டிவந்த இரண்டு வீடும் தாமதமாகக் கட்டின. தப்பு என்னுடையது. ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபேர் மூவரும் 2001-இல் வெளியிட்ட, பொதுநிதிக்குப் பணம் போடும் சோதனையில், ஏறக்குறைய பாதிப்பேர் ‘மற்றவர் கொடுத்தால் நானும் கொடுப்பேன்’ என்ற வகை. மூன்றில் ஒருவர் யார் கொடுத்தாலும் தான் கொடுக்காத வகை. அந்தப் பாதிப்பேரிடம் போய் யாருமே கட்டவில்லை என்று சொன்னால், நீயும் கட்டாதே என்று சொன்னதாகத்தான் அர்த்தம். மாதம் 5-ஆம் தேதி ‘7 வீடு கட்டியாயிற்று, 1 பாக்கி’ என்று மட்டும் போடுங்கள். பெயர் வேண்டாம், எட்டு வீட்டில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். 15-ஆம் தேதி செகரட்டரி நேரில் போய்க் கேட்கட்டும். அதற்குப் பிறகும் இல்லை என்றால் அசோசியேஷன் பெயரில் கடிதம். ஆஸ்ட்ரோம் கண்ட படிப்படியான ஏற்றம் இதுதான். தண்ணீரை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். பழிக்குப் பழி என்று ஆரம்பித்தால் நிற்காது, சட்டமும் அவர் பக்கம் போய்விடலாம்.

பேசாமல் இருப்பதும் சரியில்லை. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980 வாக்கில் இதே ‘கைதிகளின் சங்கடம்’ ஆட்டத்துக்குக் கணினி நிரல்களைப் போட்டிக்கு அழைத்தபோது, நிபுணர்கள் எழுதிய கெட்டிக்கார நிரல்களையெல்லாம் மொத்தப் புள்ளிகளில் முந்தியது அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல். முதலில் ஒத்துழை, பிறகு அவர் செய்ததையே திருப்பிச் செய், அவ்வளவுதான். அவர் ஏமாற்றினால் உடனே பதிலடி. அவர் திருந்தினாலும் உடனே பழையபடி நட்பு. முகம் திருப்பிக்கொண்டிருக்கும் நீங்கள் பதிலடியை மட்டும் ஆடுகிறீர்கள். இன்று கட்டினாலும் நாளை யாரும் பேசப்போவதில்லை என்றால் அவர் ஏன் கட்ட வேண்டும்?

பாக்கியை 4 தவணையாகக் கட்டலாம் என்று செகரட்டரியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதல் தவணை வந்த அன்றே ‘8 வீடும் கட்டியாயிற்று’ என்று குரூப்பில் போட்டுவிடுங்கள். மீதி மூன்று தவணையைப் பற்றி அன்றைக்கு யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.