மவுஸ் நகருதா, பாட்டு ஓடுதா? லினக்ஸ் ஹேங் கேள்விகளுக்கு பதில்

லினக்ஸ் ஹேங் பத்தி வந்த கேள்விங்களை ஒண்ணா சேர்த்து பதில் சொல்லிடுறேன், ஏன்னா கேட்ட எல்லாருமே "ரீஇன்ஸ்டால் பண்ணிடட்டுமா"ன்னுதான் முடிச்சிருக்கீங்க. தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. உள்ள மாட்டினது டெஸ்க்டாப்பா, கிராபிக்ஸ் டிரைவரா, டிஸ்கா, லினக்ஸோட மையமான கெர்னலேவான்னு தெரியாம எதை மாத்தினாலும் குருட்டாம்போக்குதான். ஹேங் ஆன அந்த நிமிஷத்துல மவுஸ் நகருதா, கேப்ஸ் லாக் லைட் மாறுதா, பாட்டு ஓடுதா, டிஸ்க் லைட் எரியுதான்னு பாத்து வச்சுக்கங்க, பாதி பதில் அதுலயே வந்துடும்.

கேள்வி: அண்ணா, உபுண்டு 22.04, என்விடியா கார்டு. வீடியோ பாக்கும்போது ஸ்கிரீன் அப்படியே நின்னுடுது, ஆனா சவுண்ட் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

சவுண்ட் ஓடுதுன்னா கெர்னல் உயிரோடதான் இருக்கு தம்பி, மாட்டிக்கிட்டது டிஸ்ப்ளே பக்கம். கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்கிப் பாருங்க, கருப்பு ஸ்கிரீன்ல லாகின் கேட்டா அங்கேர்ந்தே ஒழுங்கா ரீபூட் கொடுத்துடலாம். அது வரலன்னா போன்ல டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் ஆப் போட்டு எஸ்எஸ்எச்ல, அதாவது நெட்வொர்க் வழியா, உள்ள வர முடியுதான்னு பாருங்க, இதுக்கு ஓபன்எஸ்எஸ்எச் சர்வரை முன்னாடியே இன்ஸ்டால் பண்ணி வச்சிருக்கணும். ரீபூட் பண்ணாமலே உள்ள வந்துட்டா ஜர்னல்சிடிஎல் கமாண்டை மைனஸ் கே மட்டும் போட்டு ஓட்டுங்க, ரீபூட் ஆனப்புறம்னா மைனஸ் கே மைனஸ் பி மைனஸ் 1 போட்டு ஓட்டுங்க, ஹேங் ஆன அந்த பூட்ல கெர்னல் என்ன சொல்லுச்சோ அது வரும், கடைசி நூறு வரியை மட்டும் பாத்தா போதும். உங்க விஷயத்துல தேட வேண்டியது எக்ஸ்ஐடின்னு (என்விடியா டிரைவர் கொடுக்குற எரர்) வர்ற வரி, அது பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். 79னு இருந்தா கார்டை மதர்போர்டோட இணைக்கிற பஸ்லேர்ந்தே கார்டு காணாம போயிடுச்சுன்னு அர்த்தம், அப்போ டிரைவரை மாத்துறதுக்கு முன்னாடி கேபினட்டைத் திறந்து கார்டைக் கழட்டி அழுத்தி மாட்டுங்க, பவர் கேபிளைப் பாருங்க, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பழசா, வாட்ஸ் பத்துதான்னு பாருங்க. 13, 31 மாதிரி நம்பர்னா வேற டிரைவர் வெர்ஷன் போட்டு பாக்கலாம். ஏஎம்டி கார்டு வச்சிருக்கவங்களுக்கு இதே இடத்துல ரிங் டைம்அவுட்னும், இன்டெல்னா ஜிபியு ஹேங்னும் வரும்.

கேள்வி: ஹேங் ஆனா பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சுதான் ஆஃப் பண்றேன், ஃபைல் எதுவும் கெட்டுப்போகுமா?

போகலாம், அதுக்குத்தான் வேற வழி இருக்கு. ஆல்ட்டோட பிரின்ட் ஸ்கிரீன் கீயைப் பிடிச்சுக்கிட்டு எஸ், யூ, பி மூணையும் ரெண்டு மூணு செகண்ட் இடைவெளி விட்டு ஒண்ணொண்ணா அமுக்குங்க. எஸ் டிஸ்க்ல எழுத வேண்டியதை எழுதிடும், யூ டிஸ்கை ரீட் ஒன்லியா மாத்திடும், பி ரீபூட் பண்ணிடும். இந்த கீ காம்பினேஷன்ல எதெல்லாம் வேலை செய்யணும்னு முடிவு பண்ற சிஸ்ஆர்க்யூ மதிப்பு உபுண்டுல 176ங்கிறதால இந்த மூணும் அப்படியே வேலை செய்யும், மத்த எழுத்தும் வேணும்னா அதை 1னு மாத்தணும். லேப்டாப்ல எஃப்என் கீயும் சேர்த்துப் பிடிக்க வேண்டி வரலாம். இதுக்கே எந்த அசைவும் இல்ல, கேப்ஸ் லாக் லைட்டும் மாறலன்னா கெர்னலே போயிடுச்சு, அப்போ மட்டும் பவர் பட்டன்.

கேள்வி: 8 ஜிபி ரேம். பிரவுசர்ல நிறைய டேப் திறந்தா மவுஸ் நிமிஷத்துக்கு ஒரு தடவை நகருது, டிஸ்க் லைட் அணையவே மாட்டேங்குது. ஸ்வாப் இருந்தா ஸ்லோ ஆகும்னு சொன்னாங்க, அதையும் எடுத்துட்டேன் ப்ரோ.

ஸ்வாப்புங்கிறது ரேம் பத்தாதப்போ டேட்டாவைத் தள்ளி வைக்க டிஸ்க்ல ஒதுக்குற இடம், அதை எடுத்ததுதான் இதை இன்னும் மோசமாக்கியிருக்கு. ரேம் ரொம்பினதும் கெர்னல் எதையாவது வெளியே தள்ளணும், பிரவுசர் வச்சிருக்க டேட்டாவைத் தள்ள ஸ்வாப் இல்லன்னா அது ஓடிக்கிட்டிருக்க புரோகிராமோட கோடையே ரேம்லேர்ந்து தூக்கிடும், ஏன்னா அது டிஸ்க்ல இருக்கு, வேணும்னா திரும்ப படிச்சுக்கலாம்ல. அடுத்த நொடியே அந்த கோட் வேணும், திரும்ப படிக்கும், திரும்ப தூக்கும், உங்க டிஸ்க் லைட் அணையாம எரியுறது இதுக்குத்தான். கெர்னல்ல இருக்க ஓஓஎம் கில்லர் ஒரு புரோகிராமை அடிச்சு இடம் பண்ணிக் கொடுக்கும்தான், ஆனா அது வர்றதுக்குள்ள நீங்க வெறுத்துப் போயிடுவீங்க. அதனால ஸ்வாப்பைத் திரும்ப வைங்க, கூடவே இசட்ரேம் போடுங்க, ஃபெடோரா 33லேர்ந்து அதை டிஃபால்ட்டாவே கொடுக்குறாங்க, ரேம்லயே கம்ப்ரஸ் பண்ணி வைக்கும். இயர்லிஓஓஎம்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, காலி ரேமும் ஸ்வாப்பும் 10 சதவீதத்துக்குக் கீழ போனதும் ரொம்ப சாப்பிடுற புரோகிராமை நிறுத்திடும், அதையும் போடுங்க. ஒரு டேப் போறது மொத்த சிஸ்டமும் போறதை விட நல்லதுதானே.

கேள்வி: ரைசன் 5 1600. வேலை பாக்கும்போது ஒண்ணும் ஆகல சார், ராத்திரி சும்மா விட்டா காலைல ஹேங் ஆகி நிக்குது. லாக்ல ஒண்ணுமே இல்ல.

லோடு கொடுத்தா ஓடுது, சும்மா இருந்தா நிக்குதுன்னா அது சூடு பிரச்சனை கிடையாது. 2017ல வந்த முதல் தலைமுறை ரைசன்ல இது நல்லாவே தெரிஞ்ச விஷயம். சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது இழுக்குற கரண்ட் ரொம்பக் கொறஞ்சிடும், அவ்வளவு கம்மியான லோடை சில எஸ்எம்பிஎஸ் தாங்காது. பயாஸ்ல (பூட் ஆகுறதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்) ஏஎம்டி சிபிஎஸ் மெனுவுக்குள்ள பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்னு ஒண்ணு இருக்கும், அதை டிபிகல் கரண்ட் ஐடில்னு மாத்துங்க. அந்த ஆப்ஷன் காணோம்னா பயாஸை அப்டேட் பண்ணிட்டுப் பாருங்க.

கேள்வி: மவுஸ் நகருது, திறந்து வச்ச விண்டோ எல்லாம் வேலை செய்யுது, புதுசா எதைத் திறந்தாலும் திறக்க மாட்டேங்குது, கொஞ்ச நேரத்துல எல்லாம் நின்னுடுது. என்விஎம்இ எஸ்எஸ்டி. லாக் காலியா இருக்கு.

லாக் காலியா இருக்கிறதே இங்க துப்புதான். டிஸ்கே காணாம போயிட்டா லாகை எங்க போய் எழுதும்? ரேம்ல ஏற்கனவே இருக்கறது மட்டும் ஓடும், புதுசா படிக்க முடியாது. ஒரு டெர்மினல்ல கெர்னல் மெசேஜைக் காட்டுற டிமெசேஜ் (dmesg) கமாண்டை மைனஸ் டபிள்யூ போட்டு ஓட விட்டு, அதை ஓரமா எப்பவும் தெரியுற மாதிரி வைங்க, அடுத்த தடவை நடக்கும்போது அதுல வர்ற வரிகளை போன்ல படம் எடுத்துக்கங்க. கண்ட்ரோலர் டவுன்னு வந்து கூடவே வரிசையா எஃப் எழுத்து இருந்தா எஸ்எஸ்டி தூக்கத்துக்குப் போய் எழுந்திருக்கலன்னு எடுத்துக்கலாம். லினக்ஸ் 4.11லேர்ந்து எஸ்எஸ்டியைத் தானா தூங்க வைக்கிற ஏபிஎஸ்டி வசதி இருக்கு, சில எஸ்எஸ்டிக்கு அது ஒத்துவரல. பூட் ஆகும்போது வர்ற க்ரப் மெனுல இ அமுக்கி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரி கடைசில என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0 அப்படின்னு இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து எஃப்10 அமுக்குங்க, இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். ஹேங் நின்னுச்சுன்னா அப்புறம் க்ரப் ஃபைல்ல நிரந்தரமா போட்டுக்கலாம், எஸ்எஸ்டிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னும் தேடுங்க. சாட்டா டிஸ்க் வச்சிருக்கவங்க டிஸ்கோட நிலையைக் காட்டுற ஸ்மார்ட்சிடிஎல்ல 199னு நம்பர் போட்ட வரியைப் பாருங்க, அந்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா பெரும்பாலும் கேபிள்தான் போயிருக்கும், 197 ஏறுதுன்னா டிஸ்கே போகுது, உடனே பேக்கப் எடுங்க.

கேள்வி: பென்டிரைவ்ல பெரிய ஃபைல் காப்பி பண்ணா மட்டும் எல்லாம் திக்கித் திக்கி ஓடுது.

காப்பி பண்றதை கெர்னல் முதல்ல ரேம்ல வாங்கி வச்சுக்கும், அளவு டிஃபால்ட்டா கிடைக்கிற ரேம்ல 20 சதவீதம் வரை. அகலமான குழாய்ல தொட்டி ரொம்பி, ஊசி ஓட்டை வழியா வெளியே போற கதைதான், தொட்டி ரொம்பினதும் மத்த புரோகிராமும் எழுத முடியாம வரிசைல நிக்குது. கெர்னல் செட்டிங்கை மாத்துற சிஸ்சிடிஎல்ல விஎம்.டர்ட்டி_பைட்ஸை 268435456னும், விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸை 67108864னும் வைங்க. இதனால பென்டிரைவ் வேகம் ஏறாது, ஆனா சிஸ்டம் திக்காது.

கேள்வி: எந்த நேரம்னே சொல்ல முடியல, கேம்ல, டைப் பண்ணும்போது, சும்மா இருக்கும்போது, எப்ப வேணா. சவுண்ட் ஒரே இடத்துல சுத்துது, கேப்ஸ் லாக் லைட்டும் மாறல. மூணு டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகை) மாத்திட்டேன்.

டிஸ்ட்ரோ மாத்தியும் போகலன்னா நிறுத்திடுங்க, இது ஹார்ட்வேரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், நான் முதல்ல சந்தேகப்படுறது ரேம். பயாஸ்ல ரேமை கூடுதல் வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பி போட்டிருந்தா ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நாள் ஓட்டுங்க. அப்புறம் ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸ் பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, வெர்ஷன் 6லேர்ந்து யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) மெஷின்லயும் ஓடும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான், பரவால்லன்னு விடாதீங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணைக் கழட்டிட்டு ஒண்ணை மட்டும் வச்சு, அப்புறம் மாத்தி வச்சு பாருங்க, ஸ்லாட்டையும் மாத்துங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, பயாஸ் அப்டேட், புது கெர்னல், ரேம் மாத்துறது எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. மெம்டெஸ்ட் சுத்தமா வந்தா எஸ்எம்பிஎஸ்ஸை யார்கிட்டயாவது ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பாருங்க, வாங்குறதுக்கு முன்னாடி.