ஸ்லிப்பர் ஆர்க்கிட்: மிக்ஸ் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். இலையெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்று வாங்கினேன். கரியும் ஓட்டுத்துண்டும் போதும் என்கிறார் நர்சரிக்காரர். ஆன்லைனில் பார்த்தால் ‘ஆர்க்கிட் மிக்ஸ்’ ஏகப்பட்ட விலைகளில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

நர்சரிக்காரர் சொன்னது டென்ட்ரோபியம், வாண்டா போன்ற ஆர்க்கிட்களுக்குச் சரி. உங்களிடம் இருக்கும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் பாஃபியோபெடிலம் (சுருக்கமாக பாஃப்), அதன் சங்கதி வேறு. டென்ட்ரோபியம் தன் தடித்த தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், நாலு நாள் காய்ந்தாலும் தாங்கும். பாஃபுக்கு அப்படி ஒரு சேமிப்பே கிடையாது. காட்டில் இதன் பெரும்பாலான இனங்கள் மட்கிய இலைச்சருகிலும் பாறை இடுக்கிலும்தான் வளர்கின்றன. அதனால் வேருக்கு எப்போதும் லேசான ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வெறும் கரி-ஓட்டில் வைத்தால் நம் ஊர் மே மாதத்தில் காய்ந்துவிடும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிறைந்த மலிவான மிக்ஸில் வைத்தால் அழுகிவிடும்.

நான் சொல்வது, ரெடிமேட் மிக்ஸ் வேண்டாம், தனித்தனியாக வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவு பைன் பட்டை நான்கு பங்கு, பெர்லைட் (வெள்ளையாக, லேசாக இருக்கும் பொரித்த எரிமலைக் கல்) ஒரு பங்கு, உடைத்த மரக்கரி ஒரு பங்கு. (பார்பிக்யூவுக்கு என்று அச்சில் அழுத்தி விற்கும் கரி வேண்டாம்.) பால்கனியில் காற்று அதிகம், சீக்கிரம் காய்கிறது என்றால் பட்டையில் ஒரு பங்கைக் குறைத்து, தேங்காய் மட்டைத் துண்டு சேருங்கள். மட்டைத் துண்டை அப்படியே போடக் கூடாது, அதில் உப்பு இருக்கும். ஒரு ராத்திரி ஊறவைத்து வடித்து, மறுபடி ஊறவைத்து என்று குறைந்தது மூன்று தடவை அலச வேண்டும்.

ஆனால் கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீர் உப்பாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து இறக்குமதிப் பட்டை வாங்கினாலும் இலை நுனி கருகும், வேர் முனை செத்துப்போகும், நாம் மிக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், இந்தச் செடிக்கு நீங்கள் செய்யும் உருப்படியான செலவு அதுதான். 200 பிபிஎம்முக்குள் என்றால் கவலையில்லை. 500-ஐ நெருங்கினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். குடிநீருக்கான இந்திய தரக்குறியீட்டில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரைகூட அனுமதி உண்டு. அதனால் ‘நாங்களே குடிக்கிற தண்ணீர்தானே’ என்ற கணக்கு இந்தச் செடிக்கு ஒத்துவராது. மழைநீர் மிக நல்லது. ஆர்ஓ தண்ணீரும் சரி, ஆனால் குடிநீராக வரும் பக்கம், கழிவாக வெளியேறும் பக்கம் அல்ல.

அபார்ட்மென்டில் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது, மீட்டரில் எண் பெரிதாகக் குறையாது, செடிக்கோ முன்பைவிடக் கெடுதல். அப்புறம், மட்டைத் துண்டு அலசியது போதுமா என்று பார்க்கவும் இதே மீட்டர் உதவும்: ஊறிய தண்ணீரின் எண் நீங்கள் ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

வாரக்கணக்கு வேண்டாம். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் ஈரமாக இருக்கும் தொட்டி, கத்திரி வெயிலில் ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், ஊற்றியவுடன் எவ்வளவு கனம், காய்ந்தபின் எவ்வளவு கனம் என்று கை பழகிக்கொள்ளும். மேலே காய்ந்து உள்ளே லேசாக ஈரம் இருக்கும்போதே அடுத்த தண்ணீர். ஊற்றினால் அடியில் நன்றாக ஓடி வழியும்படி ஊற்றுங்கள், உப்பும் கழுவப்படும். தட்டில் தேங்க விடாதீர்கள். காலையில் ஊற்றுவது நல்லது, ஏனென்றால் நடுக்குருத்தில் தேங்கும் தண்ணீர் ராத்திரி முழுக்க நின்றால் குருத்தழுகல் வந்து செடியே போய்விடும். தேங்கினால் ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பட்டை மட்கி மெத்தென்று ஆனதும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில், மாற்றி நடவும், வேர் கொள்ளும் அளவுக்குச் சிறிய தொட்டியிலேயே.

கேள்வி: ‘பிரீமியம் ஆர்க்கிட் மிக்ஸ்’ என்று ஆன்லைனில் வாங்கினேன். பிரித்தால் முக்கால்வாசி நார்த்தூள். என்ன செய்வது?

விளம்பரத்தில் பட்டை, பெர்லைட் என்று போட்டுவிட்டுத் தூளை அனுப்பினால் அது சொன்ன பொருள் இல்லை, பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் மாற்றிவிடலாம். பொருளை ஒரு தாளில் கொட்டி, பாக்கெட்டின் லேபிளும் தெரியும்படி படம் எடுங்கள். தயாரித்தவர் அல்லது பொதி கட்டியவர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை இவையெல்லாம் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

கேள்வி: மலையிலிருந்து எடுத்த செடி என்று பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

கூடாது. அகத்தியமலைப் பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத பாஃபியோபெடிலம் ட்ரூரி இப்படித் தோண்டித் தோண்டியே அழிவின் விளிம்புக்குப் போனது. இந்தப் பேரினம் முழுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் இருக்கிறது, பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் இணைப்பில் இருக்கிறது. தொட்டி இல்லாமல் வெறும் வேரோடு, பூச்சி கடித்த பழைய இலையும் ஒட்டிய பாசியுமாக வந்தால் சந்தேகப்படுங்கள். பாஃபில் மௌடியே என்ற வகைக் கலப்பினங்களைக் கேட்டு வாங்குங்கள். அதன் முதல் கலப்பு 1900-இலேயே பதிவானது, இன்று நர்சரிகளில் விதையிலிருந்து வளர்த்ததே கிடைக்கிறது, நம் சமவெளிச் சூட்டையும் மற்ற பாஃப்களைவிட நன்றாகத் தாங்கும்.