கதைவழி மருத்துவம் என்றால் என்ன? நோயாளியின் கதை சிகிச்சையை எப்படி மாற்றுகிறது?

நோயாளி சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு, அதில் வரும் வீடு, வேலை, பயம் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துச் சிகிச்சையை முடிவு செய்வதே கதைவழி மருத்துவம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ரீட்டா ஷாரன் 2000-ஆம் ஆண்டையொட்டி இதைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தார்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தும் சர்க்கரை குறையவில்லை. பரிசோதனைச் சீட்டை மட்டும் பார்த்தால் அளவைக் கூட்டத்தான் தோன்றும். ஆனால், விடியும் முன்பே ஏலத்துக்குப் போய், கூடையை இறக்கி வைத்துச் சாப்பிட உட்காரப் பதினொரு மணி ஆகிவிடுகிறது என்றும், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் கண் இருட்டுவதால் பல நாள் அதை விட்டுவிடுகிறேன் என்றும் அவர் சொல்லிவிட்டால், கூட்ட நினைத்த அளவே அவருக்கு ஆபத்தாக முடிந்திருக்கும் என்பது புரியும். மாற்ற வேண்டியது மாத்திரையின் நேரமோ வகையோதான்.

விசைப்படகு மெக்கானிக்கும் இன்ஜினைத் திறக்கும் முன், எங்கே நின்றது, அதற்கு முன் என்ன சத்தம் வந்தது என்றுதான் கேட்கிறார்.

நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிடுவதாக 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. வடசென்னையின் புறநோயாளிப் பிரிவுகளில் காலை வரிசையைப் பார்த்தவர்களுக்கு மருத்துவரை மட்டும் குறை சொல்ல மனம் வராது.

ஆறுதலுக்காக நோயாளிக்குக் கதை சொல்வது என்றோ, ரத்தப் பரிசோதனைக்கு மாற்று என்றோ பலர் இதை எண்ணுவது தவறு. எந்தப் பரிசோதனை தேவை, அதன் முடிவுக்கு என்ன பொருள் என்பதை நோயாளியின் பேச்சையும் சேர்த்துத் தீர்மானிக்கும் முறை இது.