இத்தனூண்டுக்குள் கொழுப்பா?

கேள்வி: ஏழாம் மாசக் கட்டுச்சோறு முடித்து மகளைக் கூட்டி வந்த பத்தாம் நாளே பிரசவமாகிவிட்டது. 30 வாரம்தான். பேரன் 1 கிலோ 300 கிராம். ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் 98, ட்ரைகிளிசரைடு 160 என்று இருக்கிறது. ‘அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யாக ஊற்றினீர்களே, அதுதான்’ என்கிறார் சம்பந்தியம்மா. போதாக்குறைக்குப் பால்போல ஒரு கொழுப்பு மருந்தையும் ஊசி வழியே ஏற்றுகிறார்கள். இது தகுமா டாக்டர்?
– ஒரு அம்மாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, ஒளித்து வைத்த நெய்க் கிண்ணத்தை முதலில் வெளியே எடுங்கள். நெய் ஊற்றியதால் குறைமாதப் பிரசவம் வராது. ரத்த அழுத்தம், நோய்த்தொற்று, பனிக்குடம் முன்னாலேயே உடைவது என்று காரணங்கள் வேறு. அதை மகளைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நிறைமாதக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 70ஐ ஒட்டி இருக்கும். சீக்கிரம் பிறந்ததுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் அட்ரினல் என்றொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் அது கொலஸ்ட்ராலை அள்ளி அள்ளி ஹார்மோனாக்கும். பேரன் அதற்குள் வந்துவிட்டான். மில் ஓடாத நாளில் குடோனில் பஞ்சு தங்குமே, அப்படித் தங்கிய சரக்கு இது.

அப்புறம் அந்த வெள்ளை மருந்து. பேரனின் தொடையைத் தொட்டுப் பாருங்கள், தோல்தான் கையில் வரும். தோலுக்கடியில் கொழுப்பு சேர்வது கடைசி இரண்டு மூன்று மாதங்களில். அது இவனுக்குக் கிடைக்கவில்லை. மூளை வளரவும் கொழுப்பு வேண்டும். அதனால்தான் எண்ணெயை முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பொருளோடு பால்போலக் கலக்கி, பம்பில் மாட்டி மெதுவாக ஏற்றுகிறோம். (சுத்த சைவம் என்றால் இந்த வரியைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள்.) குறைமாத உடம்பு அதைச் சீக்கிரம் செரித்துத் தீர்க்காது. ரத்தத்தில் ஓடும் அந்தக் கொழுப்புக்குத்தான் ட்ரைகிளிசரைடு என்று பெயர். அதை அளந்து பார்ப்பது அதற்காகத்தான். 250ஐ நெருங்கினால் வேகத்தைக் குறைப்போம். 160க்கு நான் கவலைப்பட மாட்டேன்.

ஈரோட்டில் 28 வருஷமாக இந்தப் பொடுசுகளோடுதான் இருக்கிறேன். வீட்டார் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பீய்ச்சி வைத்த தாய்ப்பாலில் ஏடு மேலே மிதந்து கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த பால் மட்டும் வயிற்றுக்குப் போகும் குழாயில் இறங்கும், கொழுப்பெல்லாம் கிண்ணத்தோடு கழுவப்படும். நர்ஸ் கையில் கொடுக்கும் முன் கிண்ணத்தை லேசாகச் சுழற்றிக் கலக்கிக் கொடுங்கள்.