சுவரில் இருப்பது ஈரமா, உப்பா?

கேள்வி: டிப்ளமோ சிவில் படித்தவன் நான். நான்கு வருடமாகக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கிறேன். இந்த வேலைக்கு இங்கே உரிமம் எதுவும் கிடையாது. மேற்கொண்டு படிக்கத்தான் வேண்டுமா? என்ன படிப்பது?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கட்டாயம் படிக்க வேண்டும், தம்பி. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வீட்டு ஆய்வாளர் உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு ஆண்டுக்கு 14 மணி நேரம் படித்தாக வேண்டும். அதில் 2 மணி நேரம் சூறாவளிச் சேதத்தைக் குறைப்பது பற்றியே. அவர்கள் ஊருக்குப் புயல் என்றால், நமக்குச் சுண்ணாம்புச் சுவர்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. பட்டாலைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு மேல் பூச்சு பொருமி நின்றது. ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அங்கே குத்தினேன், முள் உச்சிக்கு ஓடியது. ‘உள்ளே குழாய்க் கசிவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் சுவரை உடைத்துப் பார்த்தார். குழாயே இல்லை. பூச வந்த வயதான கொத்தனார் நகத்தால் சுரண்டி, உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைக் காட்டினார். உப்பு! ஊசி வைத்த ஈரமானி அளப்பது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான். உப்பு இருந்தால் ஈரம் குறைவாக இருந்தாலும் அளவு எகிறும். அடிச்சுவருக்கு யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல், சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சில் உப்பாகப் பூத்திருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வீண் செலவு வைத்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் முதலில் உங்கள் கருவிகள் எங்கே பொய் சொல்லும் என்று படியுங்கள். காங்கிரீட்டின் மேல் அடித்து, துள்ளித் திரும்பும் அளவை வைத்து வலிமை சொல்கிற ரீபவுண்ட் சுத்தியலும் அப்படித்தான். கரியமில வாயு பட்டுப் பழைய காங்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும், சுத்தியல் உள்ளதைவிடக் கூடுதல் வலிமை காட்டும். இதற்கு இந்தியத் தர நிர்ணய ஆவணமான ஐ.எஸ். 516-இன் ஐந்தாம் பகுதியையும், கட்டி முடித்த வீட்டின் கரையானுக்கு ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதியையும் வாசியுங்கள். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் சிவில் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டினால் போதும்.

அப்புறம், சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரிடம் பத்து நாள் கூடவே நில்லுங்கள். கடுக்காய்த் தண்ணீர் எதற்கு, எந்தப் பூச்சை எத்தனை நாள் நனைக்க வேண்டும், தட்டினால் எந்தச் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்பதெல்லாம் அவர் கையோடு நின்றால்தான் வரும். அந்த நாட்களுக்கு அவருக்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.

நான் பெரிதாக நம்புவது இன்னொன்று. கார்த்திகை மழை ஓய்ந்ததும், போன வருடம் நீங்கள் அறிக்கை கொடுத்த வீடுகளுக்கே திரும்பப் போங்கள். அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வளவு முற்றம், ஓட்டுச் சரிவு சேரும் மூலை, உத்திரம் சுவரில் நுழையும் இடம் மூன்றையும் பாருங்கள். நீங்கள் எழுதாமல் விட்ட கசிவு கண்ணில் பட்டால், வீட்டுக்காரரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.