சத்தமில்லாத தொலைக்காட்சி

கேள்வி: நான் ஒரு நாவலாசிரியை. வயது 43. மூன்று நாவல்கள் வெளிவந்திருக்கின்றன, நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து நாங்கள் நான்கு தோழிகள். ஒருத்தி மலையேறப் போய்விட்டாள். இன்னொருத்தி பாய்மரப் படகில் கடல் கடக்கும் குழுவில் இருக்கிறாள். மூன்றாமவள் போன மாதம் வேலையை விட்டுவிட்டு சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றக் கிளம்பிவிட்டாள். நான் மட்டும் வீட்டில். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. விடியற்காலையில் எழுத்து, மாலையில் நடை, ஜன்னலுக்கு வெளியே மரம், ஒரு வாக்கியம் சரியாக வந்து விழும்போது கிடைக்கும் சந்தோஷம். வீடும் அமைதியான வீடு. 77 வயது அப்பாகூட எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல்தான் பார்ப்பார். தோழிகள் போனில் அழைத்து "அங்கே என்ன விசேஷம்?" என்று கேட்கும்போது மட்டும், சொல்ல ஒன்றுமில்லாமல் கூசிப்போகிறேன். வாழ்க்கையைத் தவறவிடுகிறேனா? எங்கும் போகாத ஒருத்தி எழுதும் நாவலில் அப்படி என்ன இருந்துவிடும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, ஊர் சுற்றும் நண்பர்களைப் பார்த்துவிட்டு, வீட்டோடு இருக்கும் தன்னையும் பார்த்துவிட்டு, "நான் எதையாவது இழக்கிறேனா?" என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. வீட்டைவிட்டு நகராமலே பெரிய நாவல்களை எழுதியவர்கள் இருக்கிறார்கள், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பது. அதை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பதில் உங்களுக்கே தெரியும். என் வாயால் ஒரு முறை கேட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் வேறு. "தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்."

மரம், மாலை நடை, நல்ல வாக்கியம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, அதே மூச்சில் இதையும் சொல்லியிருக்கிறீர்கள். 77 வயது மனிதர் ஒருவர், தன் வீட்டில், திரையில் வாய்கள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. படத்தில் வருகிற பெண் எதற்காக அழுகிறாள் என்று தெரியாது. எத்தனை வருஷமாக இது நடக்கிறது? முதல் நாவல் காலத்திலிருந்தா? அதை நீங்கள் எழுதவில்லை. எண்ணிப் பார்த்ததே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் என்ன நிகழ்ச்சி பார்க்கிறார் என்பதாவது தெரியுமா?

மூன்று நாவல் எழுதியவர் நீங்கள். இதே காட்சியை இன்னொருவர் நாவலில் படித்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்க மாட்டீர்கள். பென்சிலை எடுத்துக் கோடு போட்டிருப்பீர்கள். சொந்த வீட்டின் முன்னறையில் அது தினமும் நடக்கிறது. நீங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் அமைதி.

"நான் கேட்கவில்லை, அவராகத்தான் குறைத்துக்கொண்டார்" என்று சொல்ல வருவீர்கள். தெரியும். பெற்றவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். பிள்ளை கேட்பதற்கு முன்பே தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொள்வார்கள். அதனால் உங்கள் பொறுப்பு குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும். ஏனென்றால் "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். இத்தனை வருஷமும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

வீட்டோடு இருந்த நாவலாசிரியை என்றதும் எல்லோரும் ஜேன் ஆஸ்டினைச் சொல்வார்கள். உங்கள் மனதிலும் அவர் இருப்பார். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். 1809-இல் இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்து வீட்டுக்கு அவர் குடிவந்தார். அம்மா, அக்கா கசாண்ட்ரா, மார்த்தா லாயிட் என்ற தோழி, அவர் என்று நான்கு பெண்கள். அங்கே இருந்தபோதுதான், 1811-க்கும் 1815-க்கும் இடையில், அவருடைய நான்கு நாவல்கள் அச்சில் வந்தன. அந்த வீட்டில் ஒரு கதவு திறக்கும்போது கிறீச்சிடும் என்றும், அதைச் சரிசெய்ய அவர் விடவில்லை என்றும் அண்ணன் மகன் 1869 டிசம்பரில் வெளிவந்த நினைவு நூலில் எழுதியிருக்கிறார். யாராவது வருவது தெரிந்தால் எழுதும் தாளை மறைத்துக்கொள்ளலாம், அதற்காக. எழுத்தாளர்கள் ரசித்துச் சொல்லும் கதை இது. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, அவர் யாரையும் ஓசைப்படாமல் நடக்கச் சொல்லவில்லை என்பதுதான். ஆட்கள் வந்தார்கள், போனார்கள், அவர் எழுதினார்.

அந்த வீட்டைப் பற்றி அண்ணன் மகள் கரோலின் எழுதிவைத்த குறிப்பு இதைவிட முக்கியம். காலை ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் காலை உணவு தயார் செய்வதும், தேயிலை, சர்க்கரை, ஒயின் ஆகியவற்றின் இருப்பைப் பார்த்துக்கொள்வதும் ஜேனின் வேலை. மீதி எல்லாவற்றையும் கசாண்ட்ரா பார்த்துக்கொண்டாராம். ஜேனின் நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த அக்காவை நினைத்துக்கொள்கிறேன். தங்கைக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. 1817-இல், இறப்பதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு எழுதிய உயிலில், தனக்கிருந்ததில் பெரும்பகுதியை அக்காவுக்கே எழுதிவைத்தார். வீட்டில் இருந்து எழுதுகிறவர் தன் நேரம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா என்ற எழுத்தாளருக்குச் சத்தமே ஆகாது. பிராகில் பெற்றோரோடு இருந்த வீட்டின் இரைச்சலைப் பற்றி ஒரு சிறிய பத்தி எழுதி, 1912-இல் அச்சிலும் கொண்டுவந்தார். கதவுகள் அறையும் ஓசையும், வீட்டு அங்கியைத் தரையில் இழுத்துக்கொண்டு தன் அறை வழியாகக் கடந்துபோகும் அப்பாவும் அதில் வருகிறார்கள். அப்பாவோடு அவருக்கு ஒத்துப்போனதே இல்லை. இருந்தும் அப்பாவின் ஓசை அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. உங்கள் அப்பாவின் ஓசை உங்கள் காதில் எப்போது கடைசியாக விழுந்தது?

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கிற அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதுமையில் இது திடீரென்று வருவதில்லை. மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் நழுவும். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் விடுபட்டுப் போகும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அவருக்கே தெரியாமல் போகலாம். வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். எப்படி? தொலைக்காட்சியின் சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதை வைத்து! அந்த ஒரு அடையாளம் உங்கள் வீட்டில் தெரியவே வழியில்லை. அவருக்குக் கேட்கிறதா இல்லையா என்று இந்த நிமிஷம் உங்களால் சொல்ல முடியாது. கேட்காமல் போனவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், ஆட்களைத் தவிர்ப்பார்கள். அதைப் பார்த்து நாமும் "அப்பா அமைதியானவர்" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

தோழிகள் விஷயத்துக்கு வருகிறேன். அதில் சொல்ல அதிகமில்லை. அவர்கள் விடைபெற்றுக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டாருக்கு அவர்கள் இல்லை என்பது தெரியும். நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்கள், ஆனால் உங்கள் அப்பாவுக்கு நீங்கள் கிடைக்கவில்லை. "என்ன விசேஷம்?" என்றால் சொல்ல ஒன்றுமில்லாமல் போவது மலையேறாததால் வந்த குறை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடலில் இருக்கும் உங்கள் தோழி கேட்டது வீட்டுச் செய்தி. உங்கள் அப்பா எப்படியிருக்கிறார், என்ன சொன்னார், எதற்குச் சிரித்தார் என்று அவள் கேட்டிருந்தால் உங்களால் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஜேனின் அண்ணன் பிரான்சிஸும் தம்பி சார்லஸும் கடற்படையில் இருந்தவர்கள். பிரான்சிஸ் பால்டிக் கடலில் 'எலிஃபண்ட்' என்ற கப்பலில் இருந்தபோது, 1813 ஜூலையில், அவருக்கு ஜேன் ஒரு கடிதம் போட்டார். வீட்டுச் செய்திகளுக்கு நடுவே ஒரு அனுமதியும் கேட்டார்: எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் அந்தக் கப்பலின் பெயரையும், அண்ணன் முன்பு இருந்த வேறு சில கப்பல்களின் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று. அடுத்த வருஷம் அந்த நாவல் வெளிவந்தது. போனவர்களிடம் கேட்டுக் கேட்டு, வீட்டில் இருப்பதை அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் அவர் எழுதினார். நீங்கள் தோழிகளிடம் அவர்கள் பார்த்தது என்ன என்று ஒரு கேள்வியாவது கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கூச்சப்பட்டது மட்டும் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. இன்று மாலை முன்னறைக்குப் போய் நீங்களே சத்தத்தைக் கூட்டுங்கள். "கூட்டிக்கொள்ளுங்கள் அப்பா" என்று அறையிலிருந்தபடி சொன்னால் போதாது, அவர் கூட்ட மாட்டார். "பரவாயில்லை, எனக்கு இதுவே பழகிவிட்டது" என்பார். அதை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சி முடியும்வரை பாருங்கள். கையில் நோட்டுப் புத்தகம் வேண்டாம். அவரை உடனே கதாபாத்திரமாக்கும் ஆசையும் வேண்டாம். அவருக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. காதை அடைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான், காதடைப்பான்கள் கடையில் கிடைக்கின்றன. விடியற்காலை நேரம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. மற்ற நேரத்தில் அது அவருடைய வீடும்தான்.

நாளைக்குக் காது மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கூடவே போங்கள், ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தும் அந்தப் பரிசோதனை முடியும்வரை வெளியே காத்திருங்கள். முடிவு எப்படி வந்தாலும், படகில் இருக்கும் தோழிக்கு அதை முதலில் எழுதுங்கள். கடிதத்தின் கடைசியில், இரவுக் காவலில் அவள் காதில் என்னென்ன ஓசைகள் விழுகின்றன என்று கேளுங்கள். பதில் வந்ததும் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.